நிலைமொழி, வருமொழி

நாற்பத்தொரு சேவைகள்.
பணம் வாங்க ஒன்று, குறுஞ்செய்தி அனுப்ப ஒன்று,
வரைபடத்துக்கு, வானிலைக்கு,
பிறகு எதற்கென்று யாருக்கும் தெரியாமல்
இரவு இரண்டு மணிக்கு மட்டும் விழித்துக்கொள்கிற ஒன்று.
வின்னிபெக்கில் ஒரு வீட்டின் ஹீட்டர் நின்றுபோனால்
இத்தனையும் சேர்ந்துதான்
ஓர் ஆளை வாசலுக்கு அனுப்புகின்றன.

இவற்றின் ஆவணங்களை ஒழுங்கு செய்ய வந்தேன்.
மூன்று மாத ஒப்பந்தம். பெம்பினா சாலையோரம், மூன்றாம் மாடி.
கீழே கார்களெல்லாம்
மூக்கில் வயர் செருகி
உறையாமலிருக்க மின்சாரம் குடித்தபடி நிற்கும்.

கோப்புறைகளின் பெயர்கள்:
புதியது. புதியது இறுதி.
இறுதி, தொட வேண்டாம்.
ஒரு பக்கம் முழுவதற்கும் ஒரே வரி:
கார்த்தைக் கேட்கவும்.
கார்த் ஹாலிஃபாக்ஸ் போய் ஐந்து வருஷம்.
தேடிப் பிடித்துப் பேசினேன். படகு வாங்கியிருக்கிறாராம்.
"அந்தச் சாவியா? அது இன்னுமா திறக்கிறது?"
என்று என்னைக் கேட்டார்.

முதலில் அகரவரிசையில் அடுக்கினேன்.
பார்க்க அழகாகத்தான் இருந்தது.
இரவில் பழுது பார்ப்பவள் ரோவேனா.
"ராத்திரி ரெண்டு மணிக்கு
எனக்குக் கம்பெனி பெயரா தெரியும்?
எங்கே வலிக்குதுன்னு மட்டும்தான் தெரியும்" என்றாள்.

அன்று பஸ்ஸில்
ஜன்னல் பனியில் விரல் தானாக எழுதியது:
நிலைமொழி, ஒரு கூட்டல் குறி, வருமொழி.
எட்டாம் வகுப்பில்
நூற்றுக்கு முப்பத்தெட்டு வாங்கிய பாடம்.
இரண்டு சொல் சேருமிடத்தில்
ஒன்று தோன்றும், இல்லை திரியும், இல்லை கெடும்.
நாங்கள் நிலைமொழி; வந்து ஒட்டுவதெல்லாம் வருமொழி.
பழுது சொல்லில் இல்லை, சந்தியில்.

மறுநாள் அத்தனையையும் கலைத்தேன்.

கெடுதல்.
செயின்ட் போனிஃபேஸில் எலென் என்றொரு அம்மாள்.
பிரெஞ்சில் எழுதினால் அவர் பெயரில்
இரண்டு எழுத்துகளின் தலைமேல் கீறல்.
முகவரிச் சேவையைத் தாண்டும்போது
கீறலோடு எழுத்தும் போய்விடும்.
ரசீதில் வெறும் மெய்கள் பல்லைக் காட்டும்.

திரிதல்.
மார்ச்சில் மனிடோபா கடிகாரத்தை முன்னே தள்ளும்,
பக்கத்து சஸ்காட்செவான் தள்ளாது.
எட்டு என்று நாம் சொல்ல
ஏழு என்று கேட்டுக்கொள்ளும் காலண்டர்.
ரெஜைனாவில் ஏழு மணிக்குக் கதவைத் தட்டி,
நாய் குரைத்து, தூக்கம் கலைந்து,
ஒற்றை நட்சத்திரம் தந்திருந்தார்கள்.

தோன்றலுக்குத்தான் ஒரு வாரம் பிடித்தது.
குடும்பப்பெயர் கட்டாயம் என்கிறது பணச்சேவை.
குணபூசணி என்று ஒற்றைப் பெயரோடு ஒருவர் இருந்தார்.
காலியிடம் கூடாதென்று யாரோ
(கார்த்தாகத்தான் இருக்கும்)
அங்கே 'தெரியவில்லை' என்று நிரப்பிவைக்க,
நான்கு குளிர்காலமாக அவருக்குக் கடிதம் போகிறது:
அன்புள்ள திருமதி தெரியவில்லை.
பிழை என்று எந்தத் திரையும் சிவக்கவில்லை.
அந்தப் பெயரிலேயே அவரும் தவறாமல் பணம் கட்டுகிறார்.

எழுதுவதை நிறுத்தி என் அடையாள அட்டையைத் திருப்பினேன்.
குடும்பப்பெயர் என்ற இடத்தில் அப்பா.
இந்த நாட்டுக்கு அவர் வந்ததே இல்லை.
முதல் வாரம் முழுக்க
வரவேற்பில் அவரைத்தான் கூப்பிட்டார்கள்,
நான் எழுந்து போனேன்.

எதுவும் மாறாமல் சேர்பவற்றுக்கென
'இயல்பு' என்று ஒரு கோப்புறை திறந்துவைத்தேன்.
தேறியது வானிலை மட்டும்.
மைனஸ் முப்பத்திரண்டு என்று வரும்,
மைனஸ் முப்பத்திரண்டாகவே நிற்கும்.

இரண்டு மணிக்கு விழிப்பதையும் கண்டுபிடித்துவிட்டேன்.
எப்போதோ மூடிவிட்ட ஒரு கம்பெனியை
இன்னும் எழுப்பிக்கொண்டிருக்கிறது.
அதை அணைக்க எனக்கு அனுமதி இல்லை.
அனுமதி தர வேண்டியவர் யாரென்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.
விவரத்துக்கு யாரைக் கேட்பது என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டால் சேமிக்க மறுக்கிறது.
என் பெயரைப் போட்டேன்.

வெள்ளியோடு ஒப்பந்தம் முடிகிறது.